ஐஎஸ்ஓ 45001 எடுக்கணுமா? ஃபைல்ல ஆரம்பிக்காதீங்க

வேலை செய்ற இடத்துல தொழிலாளிகளோட பாதுகாப்பு, ஆரோக்கியத்துக்கான ஸ்டாண்டர்ட் இது, 2018 மார்ச்ல வந்துச்சு, பழைய ஓஹெச்எஸ்ஏஎஸ் 18001க்கு பதிலா. நிறைய பேர் எடுத்தவுடனே டெம்ப்ளேட் வாங்கி கம்பெனி பேரை மாத்தி ஒட்டிடறாங்க, சர்டிஃபிகேட்டுக்காக செக் பண்ண வர்ற ஆடிட்டர் ரெண்டு கேள்வி கேட்டா போதும், சாயம் வெளுத்துடும்.

முதல்ல ஸ்டாண்டர்டை கையில வச்சுக்கிட்டு கேப் அனாலிசிஸ் பண்ணுங்க. அதுல 4லருந்து 10 வரைக்கும் உள்ள பிரிவுகள்தான் (clause) ரிக்வயர்மென்ட், அதுல எது ஏற்கனவே செய்றீங்க, எது இல்லைன்னு பாத்தா பாதி வேலை தெரிஞ்சிடும்.

அப்புறம் ஆபத்து எங்கெங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது, இதுதான் உயிர்நாடி. ஆபீஸ் ரூம்ல உக்காந்து எழுதாதீங்க, மெஷின்கிட்ட நிக்கிறவர்கிட்ட போய் கேளுங்க, எந்த இடத்துல கை மாட்டும்னு அவருக்குத்தான் தெரியும், தொழிலாளிகளை கலந்து பேசணும்னு ஸ்டாண்டர்டோட 5.4வது பிரிவுலயே இருக்கு. ஆபத்து தெரிஞ்சதும் ஹெல்மெட், க்ளவுஸ்னு ஓடாதீங்க, அது கடைசி வழி. மொதல்ல ஆபத்தையே ஒழிக்க முடியுமா, இல்லன்னா வேற பொருள் மாத்தலாமா, அப்புறம் மெஷினுக்கு கார்டு (guard) மாதிரி தடுப்பு, அதுக்கப்புறம்தான் டிரெய்னிங், எச்சரிக்கை போர்டு எல்லாம்.

எம்டி கையெழுத்து மட்டும் போட்டா பத்தாது, ஆடிட்டர் அவரையும் கேள்வி கேப்பாரு.

இன்டர்னல் ஆடிட் (கம்பெனியே பண்ற செக்கிங்), மேனேஜ்மென்ட் ரிவ்யூ (நிர்வாகம் உக்காந்து பாக்கறது) முடிச்சிட்டு சர்டிஃபிகேஷன் பாடியை, அதாவது சர்டிஃபிகேட் குடுக்கற வெளி நிறுவனத்தை கூப்பிடுங்க, ஐஎஸ்ஓ நேரா சர்டிஃபிகேட் குடுக்காது. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு ரெண்டு ஆடிட், பாஸானா 3 வருஷம் செல்லும், நடுவுல வருஷா வருஷம் வந்து பாப்பாங்க.