நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து வெட்டுவது எப்படி?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகலி' என்று ஒரு சொல் வரும். முதல் எழுத்திலிருந்து கூட்டிப் படிக்கத் தொடங்கினால் பாதியிலேயே மூச்சு முட்டும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை வர வேண்டியதே இல்லை. 'நடந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று கூறு போட்டோமே, அதே கத்தி இங்கும் வேலை செய்யும்.

முதலில் சொல்லை ஒரு தாளில் ஆங்கிலத்திலேயே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். காதில் விழுந்த ஒலியை நம்பி வெட்டக்கூடாது. வெட்டு ஸ்பெல்லிங்கில்தான் விழ வேண்டும். பென்சிலால் முதல் கோட்டை வாலில் போடுங்கள். இது என்ன வகைச் சொல் என்று விகுதியே சொல்லிவிடும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஆல்ஜியா' வலி. 'ஓசிஸ்' ஒரு நிலை, பெரும்பாலும் நோய்நிலை. 'மெகலி' பெரிதாகியிருப்பது, 'பீனியா' குறைந்திருப்பது, 'ஈமியா' என்றால் இரத்தம் தொடர்பானது. இந்த ஆறும் தெரிந்தாலே ரிப்போர்ட்டில் வரும் நீளச் சொற்களில் பலவற்றின் வால் பிடிபட்டுவிடும்.

பிறகு மிச்சத்தைப் பாருங்கள். ஹெப்பட் கல்லீரல், ஸ்ப்ளீன் மண்ணீரல். வெட்டுவதுதான் வாலிலிருந்து, பொருள் சொல்வது தலையிலிருந்து. துண்டுகளை இருந்த வரிசையிலேயே தமிழாக்கினால் போதும்: கல்லீரல், மண்ணீரல், பெரிதாதல். முடிந்தது. ஆங்கிலேயருக்கு இதை விளக்க வேண்டுமானால் கடைசித் துண்டை முன்னால் இழுத்து, நடுவில் ஒரு 'ஆஃப்' போட்டு, வாக்கியத்தையே தலைகீழாக்க வேண்டும். நமக்கு அந்த வேலை இல்லை. கிரேக்கக் கூட்டுச்சொல்லிலும் தமிழ்த் தொகைச்சொல்லிலும் முக்கியச் சொல் கடைசியில்தான் உட்காரும். கார்டியோ-மயோ-பதி: இதய-தசை-நோய். கோலி-சிஸ்ட்-எக்டமி: பித்த-ப்பை-நீக்கம். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும்.

டெங்கு காலத்தில் இரத்தப் பரிசோதனைத் தாளில் அடிக்கடி தென்படும் 'த்ராம்போசைட்டோபீனியா'வையும் இப்படியே வெட்டலாம். த்ராம்போ உறைவு, சைட்டோ அணு, பீனியா குறைவு. உறைவணு என்பது தட்டணு, அதாவது பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது குறைந்திருக்கிறது என்பதைத்தான் அத்தனை நீளமாகச் சொல்கிறார்கள். எவ்வளவு குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது டாக்டர் வேலை; சொல்லை வெட்டத் தெரிந்ததால் அது நமக்குத் தெரிந்துவிடாது.

துண்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் 'ஓ'வுக்குப் பொருள் தேடாதீர்கள். மரம் என்பதோடு ஐ சேரும்போது நடுவில் 'அத்து' வந்து மரத்தை ஆகிறதல்லவா, அதுபோல இது வெறும் சாரியை. இதற்கு ஒரு விதி உண்டு. மெய்யில் தொடங்கும் துண்டுக்கு முன்னால் 'ஓ' வரும்: கேஸ்ட்ர், ஸ்கோப்பி இரண்டும் சேர்ந்தால் கேஸ்ட்ரோஸ்கோப்பி. உயிரில் தொடங்கும் விகுதிக்கு முன்னால் 'ஓ' விழுந்துவிடும்: கேஸ்ட்ர், ஐடிஸ் சேர்ந்தால் கேஸ்ட்ரைடிஸ். ஆனால் இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், அடுத்தது உயிரில் தொடங்கினாலும் 'ஓ' பெரும்பாலும் நிற்கும்: கேஸ்ட்ரோ-என்டர்-ஐடிஸ், இரைப்பை-குடல்-அழற்சி. ஸ்பெல்லிங்கில் 'ஓ' போடுவதா விடுவதா என்று தடுமாறும்போது இந்த விதிதான் கைகொடுக்கும்.

சந்தியும் விகாரமும் முன்னொட்டில் நடக்கும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல, 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு அடுத்த எழுத்துக்கு ஏற்ப உருமாறி இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று வருகிறது. இல்லீகலில் இரண்டு 'எல்', இர்ரெகுலரில் இரண்டு 'ஆர்' வருவதற்குக் காரணம் இதுவே: ஒன்று முன்னொட்டுடையது, மற்றது பகுதியுடையது. 'டிஸ்சாட்டிஸ்ஃபைட்' எழுதும்போது இரண்டு 'எஸ்' போட வேண்டும், ஏனென்றால் பகுதியும் 'எஸ்'ஸில் தொடங்குகிறது. 'டிசப்பாயின்ட்'டில் பகுதி 'அப்பாயின்ட்'. ஆகவே ஒரே 'எஸ்', இரண்டு 'பி'. லீவ் லெட்டரிலும் வேலை விண்ணப்பத்திலும் இதை மாற்றிப் போடாதவர்கள் குறைவு.

தமிழ் வரிசை உதவாத இடம் ஒன்று உண்டு. எதிர்மறையை நாம் கடைசியில் வைப்போம், அவர்கள் முதலில் வைப்பார்கள். 'அன்-ஈமியா' என்பது 'இன்மை-இரத்தம்'. திருப்பிப் போட்டால்தான் இரத்தமின்மை, நாம் சொல்லும் இரத்தசோகை. முன்னொட்டு இரண்டு இருந்தால் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுங்கள். 28 எழுத்து 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' இதற்கு நல்ல பயிற்சி. நடுவில் எஸ்டாப்ளிஷ்: நிறுவுதல். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசே தந்திருக்கும் அதிகாரபூர்வ இடம் என்பது இதன் குறிப்பான பொருள். பக்கத்தில் உள்ள 'டிஸ்' அந்த இடத்தைப் பறிப்பது. அதற்கு வெளியே உள்ள 'ஆன்டி' பறிப்பதை எதிர்ப்பது. கடைசியில் 'இசம்', கொள்கை. அயர்லாந்துத் திருச்சபைக்கு இருந்த அந்த இடத்தை 1869ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 19ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட முயற்சிகளை எதிர்த்தவர்களின் நிலைப்பாடுதான் இந்தச் சொல். 'ஆன்டி'யை முதலில் எடுத்தால் பொருள் நேர்மாறாகப் போய்விடும்.

வினாடி வினாக்காரர்களுக்குப் பிடித்த 45 எழுத்துச் சொல்லையும் பார்த்துவிடலாம்: நிமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனி-ஓசிஸ். நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். இதிலும் வரிசை மாறவில்லை. இது மருத்துவர்கள் உண்டாக்கிய சொல் அல்ல. அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கத்துத் தலைவர் எவரெட் ஸ்மித் 1935இல், நீளத்துக்காகவே கட்டியது. டாக்டர்கள் சொல்வது சிலிக்கோசிஸ். கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களைப் பிடிக்கும் அந்த நோய்க்கு எரிமலை தேவையில்லை.

அதைவிடச் சுவையானது 29 எழுத்துச் சொல்: ஃப்ளாக்சி-நாசி-நிஹிலி-பிலி-ஃபிகேஷன். ஒன்றை மதிப்பற்றதாகக் கருதுதல் என்பது பொருள். 1741இல் வில்லியம் ஷென்ஸ்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 2018 அக்டோபரில் சசி தரூர் தன் புத்தக அறிவிப்பில் போட்டதும் இந்தியாவே அகராதியைப் புரட்டியது. உள்ளே இருப்பவை நான்கு லத்தீன் அற்பங்கள்: கம்பளித் துணுக்கு, அற்பப் பொருள், ஒன்றுமில்லாதது, மயிர். 'துரும்பாக மதித்தல்' என்று நாம் சொல்வதை நாலு துரும்பு வைத்துச் சொல்கிறார்கள். நாலாவது துரும்பு நம் ஊர்ச் சண்டையிலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இனி, கத்தி தவறும் இடங்கள். 'ஹெலிகாப்டர்' என்பதை ஹெலி, காப்டர் என்று வெட்டுவார்கள். சரியான வெட்டு ஹெலிக்கோ-ப்டர்: சுருள்-சிறகு. டெரோடாக்டில் (பழங்காலப் பறக்கும் ஊர்வன) என்ற சொல்லின் தலையில் ஒலிக்காமல் நிற்கும் 'பி'யும் இந்தச் சிறகிலிருந்து வந்ததுதான். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' இதைவிட ஆபத்து. அதிலுள்ள 'இன்' எதிர்மறை அல்ல, 'உள்ளே'; எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். 'ஹைப்போ' கீழே, 'ஹைப்பர்' மேலே. வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். சர்க்கரை ரிப்போர்ட்டில் அது ஒன்றல்ல. வெட்டும் விகுதி மூன்று உண்டு: 'டமி' என்றால் கீறுவது, 'எக்டமி' என்றால் வெட்டி வெளியே எடுப்பது, 'ஆஸ்டமி' என்றால் வாய் வைப்பது, அதாவது உடலில் ஒரு திறப்பு உண்டாக்குவது. குடலில் கொலெக்டமிக்கும் கொலாஸ்டமிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

'பெட்' என்ற துண்டில் இரண்டு மொழிகள் மோதுகின்றன. பெடஸ்ட்ரியனிலும் பெடிக்யூரிலும் இருப்பது லத்தீன் கால். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் குழந்தை. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் 'பி'யை அடுத்து ஓர் 'ஏ' இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். நீளமான சொல்லைக் குறிக்கும் 'செஸ்குவிபிடேலியன்' லத்தீன் பக்கம்: செஸ்குவி ஒன்றரை, பெட் அடி. நமக்கு 'அடி' காலும் அளவும் ஆவதுபோல அவர்களுக்கும். ஒன்றரை அடி நீளச் சொல்!

எல்லாம் கிரேக்கமும் லத்தீனுமாக இருக்காது. 'மல்லிகட்டானி' சூப்பை அந்தக் கத்தியால் எத்தனை முறை வெட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அது நம் மிளகுத்தண்ணீர். சந்தேகம் வந்தால் பெரிய அகராதியில் சொல்லின் பிறப்பைக் காட்டும் பகுதியை முதலில் பாருங்கள், பொருளைப் பிறகு பார்க்கலாம்.

சொல்லிப் பழகுவதும் வாலிலிருந்தே. முதலில் 'கோனியோசிஸ்' மட்டும் ஐந்து முறை. அது நாக்கில் உட்கார்ந்ததும் 'வால்கேனோகோனியோசிஸ்'. பிறகு 'சிலிக்கோ'வைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தெரியாத துண்டிலிருந்து தெரிந்த துண்டுக்குப் போவதால் நாக்கு நடுவில் நிற்காது. அழுத்தத்தையும் கவனியுங்கள், தமிழில் போல எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. 'ஃபோட்டோகிராஃப்' சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாக்ரஃபி'யில் இரண்டாவதில். 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதில், ஏனென்றால் 'இக்' என்ற விகுதி பெரும்பாலும் தனக்கு முந்தைய அசைமேல் அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். 'ஆலஜி' என்று முடிபவற்றில் அந்த 'ஆ'வில் அழுத்துங்கள்.