கூடலூரிலிருந்து எல்.எல்.எம்.முக்கு விண்ணப்பிக்க

வெளிநாட்டில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் படிப்பைப் படிக்க விரும்பும் ஜூனியர் வக்கீல்களிடம் நான் முதலில் சொல்வது, டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண் சான்று) வேலையை இன்றே தொடங்குங்கள் என்பதுதான். அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் பலவும் ஆவணங்களை எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பின் வழியாகவே வாங்குகின்றன. அதற்கு டிரான்ஸ்கிரிப்டை நாம் அனுப்பக் கூடாது, படித்த இடமே நேரடியாக அனுப்ப வேண்டும். அதற்காக நான் நீலகிரியின் கூடலூரிலிருந்து அடைமழையில் இரண்டு முறை மலையிறங்கினேன். முதல் முறை உறையில் முத்திரை வைக்காமல் விட்டுவிட்டார்கள், ஒரு மாதம் போய்விட்டது.

எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு பொதுவாகத் தேவையில்லை, அது ஜே.டி. என்ற அமெரிக்க அடிப்படைச் சட்டப் படிப்புக்கு. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும்.

ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்க உரைக்குத்தான் அதிக நாள் ஒதுக்குங்கள். 'சிறு வயதிலிருந்தே நீதியின் மேல் ஆர்வம்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் தொடங்கினேன். பட்டா இல்லாமல் தேயிலை பறித்து வாழும் குடும்பங்களின் வழக்குக் கட்டுகள் என் மேசையில் இருந்தன. ஜென்மம் (பரம்பரை நில உடைமை முறை) என்றால் என்னவென்று அங்கே படிப்பவருக்குத் தெரியாது, இரண்டே வரியில் விளக்குங்கள். அப்புறம் அந்த நிலப் பிரச்சினையை ஆராய அவர்களுடைய எந்தப் பாடம் உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, நீங்கள் உழைத்த வழக்குகளின் பட்டியலையும் சீனியரிடம் கொடுங்கள். பாவம், அவருக்கு எல்லாம் நினைவிருக்காது.

பிரிட்டன் என்றால் அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகையைப் பாருங்கள், அதற்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், நடுவில் எடுத்துவிடாதீர்கள்.