மாசச் சம்பளத்தை விட்டுக் கான்ட்ராக்ட் எடுக்குமுன் போடவேண்டிய கணக்கு

மதுரைப் பக்கம் கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ ஏழெட்டு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ இருந்தவர் தனியாக இறங்க நினைத்தால், முதலில் வருகிற பயம் வேலை கிடைக்குமா என்பது. கைவேலை சுத்தமாக இருந்தால் வேலை வந்துவிடும். செய்த வேலைக்குப் பணம் வர எழுபது, எண்பது நாள் ஆகும் என்பதை யோசிக்காமல் இறங்கியவர்கள்தான் ஆறே மாதத்தில் பழைய கம்பெனி கேட்டில் போய் நிற்கிறார்கள். ஆகவே பயத்தை மனதில் வைத்துப் புரட்டாமல் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ரேட்டிலிருந்து ஆரம்பிப்போம். கைக்கு வருவது மாதம் 30,000 என்றால், 26 வேலை நாளால் வகுத்து நாளுக்கு 1,154 என்று பார்த்துவிட்டு, கூட நூறு ரூபாய் போட்டு 1,250 கேட்கிறார்கள். இது நஷ்ட ரேட். சம்பளத்தோடு ஒட்டி வந்தவை எல்லாம் இனி உங்கள் செலவு. கைச்சம்பளம் வருடத்துக்கு 3,60,000. பி.எஃப்.பில் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800 என்று வைத்தால் வருடம் 43,200. போனஸ் 20,000. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 20,000 என்றால், ஒரு வருடப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அதில் 15/26 பங்கு, சுமார் 11,500. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 25,000. பெட்ரோல், டூல்ஸ், போன் எல்லாம் மாதம் 6,000 வீதம் 72,000. மொத்தம் 5,31,700.

அடுத்து நாள் கணக்கு. 365-இல் ஞாயிறு 52 போக 313. பண்டிகைக்கு 15, உடம்பு முடியாத நாள் 8 கழித்தால் 290. கொட்டேஷன் கொடுக்க, சைட் பார்க்க, பில்லுக்கு நடக்க, சும்மா உட்கார என்று 70 நாளாவது போகும். மிச்சம் 220. 5,31,700-ஐ 220-ஆல் வகுத்தால் 2,417. இதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு அடுத்தவர் மெஷினை ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். வகுக்கிற முறை இதுதான்.

நாளுக்கு 2,400 என்று வாய்விட்டுச் சொன்னால் மேனேஜர் உடனே தன் ஃபிட்டர் சம்பளத்தோடு ஒப்பிடுவார். அதனால் நாள் ரேட்டே பேசாதீர்கள், வேலைக்கு ரேட் சொல்லுங்கள். கியர்பாக்ஸைக் கழற்றி, பேரிங் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து ஓட்டிக் கொடுக்க மூன்று நாள் ஆகுமென்றால் ஒரே தொகையாகக் கொட்டேஷன் போடுங்கள். அப்போது அவர் மெஷின் நிற்கிற நஷ்டத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இனி அந்த எழுபது நாள். ஜூன் 5-ஆம் தேதி முடித்த வேலைக்கு, பல கம்பெனிகளில் மாதக் கடைசியில்தான் பில் வாங்குவார்கள். அங்கிருந்து 45 நாள் என்றால் ஆகஸ்ட் நடுவில்தான் பணம். நடுவில் பள்ளிக்கூட ஃபீஸ் வேறு. நான்கு மாத வீட்டுச் செலவு தனிக் கணக்கில் இருந்தால்தான் ராஜினாமாக் கடிதத்தைக் கையில் எடுக்கலாம். முதல் வருடம் லேபர் மட்டும் எடுங்கள், பேரிங், பெல்ட், கேபிளைக் கம்பெனியே வாங்கித் தரட்டும். 40,000 ரூபாய் சாமானை நீங்கள் வாங்கினால் அதுவும் சேர்ந்து முடங்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. சேவை மட்டும் செய்பவருக்கு வருடம் 20 லட்சம் வரை பொதுவாக அந்தப் பதிவு கட்டாயமில்லை.

ராஜினாமாத் தேதியை ஜாதகம் பார்த்துக் குறிப்பவர்கள் பணிக்கொடைத் தேதியையும் பார்க்கலாம். நாலே முக்கால் வருடம் ஆகியிருந்தால் ஐந்து முடியும்வரை பொறுங்கள். மேலே சொன்ன சம்பளத்துக்கு அது 57,692 ரூபாய். மருத்துவ பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முதல் 30 நாள் விபத்துக்குத்தான் பணம் தருவார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்க வேண்டிவரும். வேலையில் அடிபட்டால் கம்பெனி வழியாக வருகிற ஈடு இனி இல்லை என்பதால் தனிநபர் விபத்துக் காப்பீடும் தேவை. ஏணி ஏறுகிற வேலைக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. வீட்டுக் கடனோ டாப்-அப்போ வேண்டுமென்றால் இப்போதே வாங்குங்கள், சொந்தத் தொழில்காரரிடம் வங்கி இரண்டு மூன்று வருட வருமானவரிக் கணக்கைக் கேட்கும். பி.எஃப்.பை எடுக்காதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் ஆகாமல் எடுத்தால் வரி விழும், பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பதியாவிட்டால் கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

இதெல்லாம் சரியான பிறகும் வயிற்றைக் கலக்கும். அதற்கு ஒரே மருந்து, கடிதம் கொடுக்குமுன் ஒரு சின்ன வேலையையாவது செய்து, பில் போட்டு, பணத்தை வாங்கிப் பார்ப்பது. வெளிவேலை கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால் நோட்டீஸ் காலம் முடிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். “நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே” என்ற பாராட்டை வருமானத்தில் சேர்க்காதீர்கள், பேங்கில் ஏறியதை மட்டும் சேருங்கள்.

பணம் எங்கே சிக்கும் என்றால், பெரும்பாலும் பி.ஓ. (கம்பெனி எழுத்தில் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லாத வேலையில். பிரேக்டவுன் நேரத்தில், “முதல்ல முடிங்கண்ணே, பி.ஓ.வெல்லாம் போட்டுக்கிருவோம்” என்பார்கள். அவசரத்துக்கு வேலையைத் தொடங்குங்கள், ஆனால் தொகையை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிட்டு ஸ்பானரை எடுங்கள். முடித்த அன்றே ஷிஃப்ட் இன்சார்ஜிடம் ஜாப் கார்டில் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் அவர் நைட் ஷிஃப்ட் போய்விடுவார், பில் ஸ்டோரிலேயே கிடக்கும். பில்லில் பான் எண் கட்டாயம். இல்லாவிட்டால் 1 சதவீதம் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வருமானவரி) 20 சதவீதமாகிவிடும். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் இருந்தால் நீங்களே செய்யலாம், புரோக்கருக்குக் கொடுக்கிற காசு தண்டம். அந்த எண்ணையும் பில்லில் அச்சடியுங்கள். பதிந்த குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். முதல் தாமதத்துக்கே புகார் என்று கிளம்பினால் அந்த கேட் மூடிவிடும், அதனால் அக்கவுன்ட்ஸ்காரர் கண்ணில் அந்த எண் பட்டால் இப்போதைக்குப் போதும்.

வீட்டில் முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. மில்லும் ஃபேக்டரியும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நிற்கும்போதுதான் ஷட்டவுன் வேலை வரும். ஊரே வெடி போடும்போது நீங்கள் மோட்டார் பெல்ட்டுக்கு அடியில் இருப்பீர்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஹெல்ப்பர் கிடைக்க மாட்டார், அழகர் ஆற்றில் இறங்குகிற நாளை ஒட்டி எந்த டெலிவரி தேதிக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தனிக் கணக்கில் இரண்டு மாதச் செலவுக்கு மேல் இல்லை என்ற நிலை வந்தால் மறுபடி வேலை தேடுவது என்று இன்றே மனைவியோடு உட்கார்ந்து பேசி, தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐடிஐ சான்றிதழ், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில், அந்த நோட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.