நின்றுபோன பைக்குக்கு முதல் வைத்தியம்

தோட்டத்து ரோட்டில் ஓடும் ட்ரெயில் பைக் கிழமைக்கணக்கில் நின்றபிறகு ஸ்டார்ட் ஆக மறுத்தால், கிக்கரை மிதித்துக் களைக்காதீர்கள். பெற்றோல் டெப்பை மூடி, காபரேட்டருக்கு (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே கிடக்கும் பழைய பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். சுலபமாகத் தீப்பற்றும் பகுதிதான் முதலில் ஆவியாகிறது. மிஞ்சுவது நுவரெலியாக் காலைக் குளிரில் லேசில் பற்றாது. தண்ணீர் கலந்திருந்தால் போத்தலின் அடியில் முத்து முத்தாக உருளும். அப்புறம் திருகை இறுக்கி, டெப்பைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, சோக் இழுத்து மிதித்தால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

சூடான எஞ்சினில் இதைச் செய்யவே வேண்டாம், சிகரெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டெப் திறந்தும் வடிகாலில் சொட்டுகூட வராவிட்டால் அடைப்பு மேலே: டேங்க் மூடியின் காற்றுத்துளையையும் டெப் வலையையும் பாருங்கள். எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், அதாவது பெற்றோலை நேரே பீச்சும் முறை) வண்டிகளுக்கு இது பொருந்தாது, அவற்றில் காபரேட்டரே கிடையாது.