ஜாஸ் போட்டிக்கும் புலமைப்பரிசிலுக்கும் போகும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பாடசாலைகளில் ஜாஸ் வாசிக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். ஆனால் எங்கள் தலைமுறை பாடசாலை பாண்டில் விட்ட அதே பிழைகளை இவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சுருதி சேர்ப்பது, நேரத்துக்கு வருவது பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் சேரே தினமும் சொல்லுவார்.

பப்பரே நடையில் ஸ்விங்

பிக் மேட்ச் என்னும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியில் பப்பரே பாண்ட் இசை ஊதி வளர்ந்த ட்ரம்பெட் பிள்ளைக்கு மூச்சும் உதடும் பலமாக இருக்கும். அது பெரிய சொத்து. ஆனால் பைலாவின் 6/8 நடை வேறு, ஜாஸின் ஸ்விங் நடை வேறு. ஸ்விங்கில் ட்ரம்ஸின் ரைட் சிம்பலும் பேஸும் நடையைப் பிடித்துக்கொள்ள, காலால் மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட் 2ஆம், 4ஆம் அடிகளில் மூடும். பிள்ளைகள் 1இலும் 3இலும் கைதட்டினால் வாத்தியத்தை எடுக்கவிடாமல் முதலில் அதைத் திருத்துங்கள்.

அதிவேகப் பாட்டு

வேண்டாம். நடுத்தர வேகத்தில் ஓடாமல் நின்று வாசிப்பதுதான் கஷ்டம். நடுவர்களுக்கும் அது தெரியும்.

எழுதிக்கொடுத்த சோலோ

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சோலோ என்பது ஒருவர் தனியே, அந்த நேரத்திலேயே கற்பனையாக வாசிக்க வேண்டிய பகுதி. அதை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்புவிக்கும், சபையும் கைதட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பிள்ளை, ஆல்டோ சாக்ஸ் வாசிப்பவள், வெளிநாட்டு இசைக் கல்லூரித் தேர்வுக்கு முன்னர் என்னிடம் வாசித்துக் காட்ட வந்தாள். பி ஃப்ளாட் சுருதியில், 12 பார் (தாள அளவு) கொண்ட சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும் புளூஸ். முதல் சுற்றைக் கேட்டு அசந்துபோனேன். "இன்னொரு சுற்று வாசி பிள்ளை" என்றேன். ஒரு ஸ்வரம் மாறாமல் அதையே வாசித்தாள். அப்புறம் நான் பியானோவில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். 5ஆவது பாரில், கோர்ட் (ஸ்வரக் கூட்டு) மாறும் இடத்தில், விரல்கள் நின்றுவிட்டன. தாயார் கைப்பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு தாளை எடுத்தார். பென்சிலால் எழுதிய 12 பார். "ஸ்கூல் சேர் எழுதித் தந்தது இவ்வளவுதான்" என்றார். அந்தப் பிள்ளைக்கு நல்ல காது இருந்தது. அதைப் பாவிக்க ஒருவரும் விடவில்லை.

பொஸ்டனில் உள்ள பெர்க்லி போன்ற கல்லூரிகளின் தேர்வில், ஆயத்தம் செய்த பாட்டோடு விட்டுவிட மாட்டார்கள். இம்ப்ரொவைஸ் பண்ணச் சொல்வார்கள், அதாவது அந்த நேரத்திலேயே கற்பனையாக வாசிக்கச் சொல்வார்கள், புதிய தாளைப் பார்த்தவுடன் வாசிக்கச் சொல்வார்கள், தாங்கள் வாசிக்கும் சிறு துண்டைக் கேட்டுத் திருப்பி வாசிக்கச் சொல்வார்கள். மனப்பாடச் சோலோ அங்கே எதற்கும் உதவாது. போட்டியிலும் அப்படித்தான்: ட்ரம்ஸ் ஒரு அடியைப் போட்டால் சோலோக்காரர் அதற்குப் பதில் சொல்கிறாரா என்று நடுவர் கவனிப்பார். எங்கள் பிள்ளைகள் பலர் கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்புக்கும் போகிறவர்கள். நெட்டுருப் போட்ட கல்பனாஸ்வரத்தை மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்த்தே ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? இங்கேயும் அதேதான்.

பழைய பதிவில் உள்ள சோலோவைக் காதால் கேட்டு எடுத்துப் பழகுவதை நான் இதில் சேர்க்கவில்லை. அதில் காது வேலை செய்கிறது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆசிரியர்களே, எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள். முதல் வாரம் 3 ஸ்வரங்கள் மட்டும் கொடுங்கள். நீங்கள் 2 பார் வாசிக்க, பிள்ளை 2 பாரில் பதில் சொல்லட்டும். வாசிக்க முதல் பாடச் சொல்லுங்கள். பாட வராததை வாசிக்க விடாதீர்கள். 1963இல் தன் குழுவோடு இலங்கைக்கும் வந்து வாசித்த அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' மெட்டில் இருப்பது இரண்டே ஸ்வரங்கள். அவற்றை எங்கே வைக்கிறார், எங்கே இடைவெளி விடுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த மெட்டை வைத்தே ஒரு தவணை முழுக்கப் பழக்கலாம். முதலில் கேவலமாகத்தான் கேட்கும். பெற்றோர் பயப்பட வேண்டாம்.

ஏசி மண்டபம்

குளிரில் ஊது வாத்தியங்களின் சுருதி இறங்கும். மேடைக்குப் பின்னால் ஊதிச் சூடாக்கிவிட்டுச் சுருதி சேருங்கள்.

கிரேட் 8 போதும் என்று இருப்பது

போதாது. கிளாசிக்கல் இசைப் பரீட்சையின் கிரேட் 8 விரலுக்கும் வாசிப்புக்கும் சாட்சி, அவ்வளவே. அந்தப் பரீட்சைகளை நடத்தும் பிரிட்டிஷ் சபையான ஏபிஆர்எஸ்எம்மிலேயே ஜாஸுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. அதில் இம்ப்ரொவைசேஷனுக்கும் இடம் இருக்கிறது.

கடிதத்தை அரைகுறையாக வாசிப்பது

புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் கேக் வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது படிப்புக் கட்டணத்தின் ஒரு பகுதிதான். தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விசா, விமானச் சீட்டு எல்லாம் உங்கள் தலையில். வருடா வருடம் தொடருமா, அதற்கு என்ன புள்ளி வேண்டும் என்பதையும் பாருங்கள். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தொட்டது. ஆகவே முதல் வருடத்துக்கு மட்டும் கணக்குப் போடாமல், 4 வருடத்துக்கும் போடுங்கள். மீதியை யார் கட்டுவது என்பதை விண்ணப்பிக்க முதலே, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடியுங்கள்.