பதற்றத்துக்குப் புரோபயாடிக்: எங்கே தவறு செய்கிறோம்?

மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, "இனிமேல் குடலைச் சரிசெய்தால் போதும்" என்று புரோபயாடிக் (குடலுக்கு நல்லது என்று விற்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) வாங்கிச் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது இதுதான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்துக்குத் தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடலுக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அடங்கியிருந்த பதற்றமும் திரும்பலாம். அளவைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் மருத்துவரிடம் பேசிப் படிப்படியாகச் செய்யுங்கள். எந்தப் புரோபயாடிக்கும் இந்த மருந்துகளுக்கோ, மனநல ஆலோசனைச் சிகிச்சைக்கோ மாற்று என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. அதில் சந்தேகம் வேண்டாம். 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்ணுயிர்களே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளை அசையவிடாமல் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் உடலில் மன அழுத்த ஹார்மோன்கள் மிக அதிகமாகச் சுரந்தன. பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகைச் சுரப்பு அடங்கியது. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வுக் குழுவினர், லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற நுண்ணுயிரை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் அச்ச நடத்தை குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதையே காட்டிய, உண்மையிலேயே அழகான ஆய்வு அது.

அந்த ஆய்வைப் பற்றிப் படித்தவர்களில் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். தொடர்கதை 2017-இல் வந்தது. அதே கார்க் குழுவினர் அதே ஜேபி-1 நுண்ணுயிரை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பொய் மருந்தோடு ஒப்பிட்டால் பதற்றத்திலும் மன அழுத்தத்திலும் எந்த வேறுபாடும் இல்லை. எலியில் கிடைத்த பலன் மனிதருக்கு அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சொந்த முடிவே தங்களைக் கைவிட்டபோதும் அதை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. புரோபயாடிக் விளம்பரங்கள் முதல் ஆய்வை மட்டும் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

"உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது" என்ற வரியும் அந்த விளம்பரங்களில் தவறாமல் வரும். செரோடோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு வேதிப்பொருள். தகவல் சரி. ஆனால் அதிலிருந்து, குடலைக் கவனித்தால் மூளைக்குச் செரோடோனின் கிடைத்துவிடும் என்ற முடிவுக்குப் போவது தவறு. குடலில் உருவாகும் செரோடோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டிப் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இனி வாங்குவதில் நடக்கும் தவறு. புட்டியில் லாக்டோபேசிலஸ் என்று இருந்தாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அரிசி என்ற ஒரே பெயருக்குள் இட்லி அரிசியும் சீரகச் சம்பாவும் அடங்குவதுபோல, ஒரே இனத்துக்குள் வெவ்வேறு குணமுள்ள பல வகைகள் உண்டு. ஒரு வகையில் நடந்த ஆய்வு இன்னொரு வகைக்குப் பொருந்தாது. பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக வகைக்குறியீடு அச்சிடப்படாத புட்டியை எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. வயிற்றுப்போக்குக்குத் தரும் பேசிலஸ் கிளாசியைப் பதற்றத்துக்காகக் குடிப்பதும் இதே குழப்பம்தான். புரோபயாடிக் உணவில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்திருக்கிறது. அது எண்ணிக்கைக்கான விதி. மனத்துக்கு நல்லது என்ற சான்றிதழாக அதைப் படிக்கக் கூடாது.

குடல் என்றதும் மருந்துக்கடைக்குப் போவதும் அவசரம்தான். 2019-இல் சீன ஆய்வாளர்கள் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புரோபயாடிக் கொடுத்த 14 ஆய்வுகளில் ஐந்தில்தான் பதற்றம் குறைந்தது. உணவுமுறை மாற்றம் போன்ற பிற வழிகளில் போன 7 ஆய்வுகளில் ஆறில் குறைந்தது. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள், அல்லது எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள். வயிறு சரியானதால் மனம் லேசாகியிருக்கவும் கூடும். ஆகவே இதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பருப்பு, கீரை, சிறுதானியம் என்று தட்டை மாற்றுவதில் இழப்பு எதுவும் இல்லை.

தயிர், மோர், பழைய சோறு பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல உணவுகள், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் இட்லி மாவைப் புளிக்கவைத்த நுண்ணுயிர்கள் ஆவியில் வெந்ததும் இறந்துவிடுகின்றன. வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பது உறைக்கு உறை மாறும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது குடல் அழற்சி நோய்க்காக. அதைப் பதற்றத்துக்கு மருந்து என்று பரப்புவது அந்த ஆய்வுக்கும் நியாயமில்லை.

படபடப்புக்குக் குடல்தான் காரணம் என்று நாமே தீர்மானிப்பதும் வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், காப்பி அளவு மீறினாலும் நெஞ்சு படபடக்கும். தைராய்டும் ரத்தசோகையும் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பதற்றம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சோதித்துப் பார்க்க விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நடக்கும் சிகிச்சையோடு சேர்த்து, ஒரே ஒரு தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். "இயற்கையானது, பக்கவிளைவே இருக்காது" என்று மட்டும் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். ஆரோக்கியமான ஒருவருக்கு வாயு, வயிற்று உப்புசம் தவிரப் பெரும்பாலும் தொல்லை இருக்காது. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது.