வெப்ஆர்டிசிமேல் மொபைல் ஏபிஐ எழுதுகிறீர்களா? நான் இடறிய இடங்கள் இவை

வெப்ஆர்டிசி என்பது செயலிக்குள் குரலையும் வீடியோவையும் நேரலையாக அனுப்ப உதவும் மென்பொருள். ஏபிஐ என்பது மற்ற செயலி எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்த நாம் திறந்துவைக்கும் கட்டளைத் தொகுப்பு. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வாசலைத் தாண்டி ரோட்டில் செம்பனை மரங்கள் பக்கம் கொஞ்சம் நடந்தால் வைஃபை விட்டுப்போய் 4ஜி பிடிக்கும். கால் செயலியில் நான் செய்த பாதித் தவறுகளைக் காட்டிக்கொடுத்தது அந்த ரோடுதான்.

கூகுள் 2011இல் திறந்துவிட்ட வெப்ஆர்டிசியின் உள்ளே இருப்பது சி பிளஸ் பிளஸ் மொழி. ஆண்ட்ராய்டுக்கு ஜாவாவிலும் ஐபோனுக்கு அப்ஜெக்டிவ்-சியிலும் அதற்கு மேலுறை உண்டு. அந்த மேலுறையின் வகுப்புகளையே (கிளாஸ்) பெயர் மாற்றி வெளியே தள்ளினால் அது ஏபிஐ ஆகாது. செயலி எழுதுகிறவருக்கு வேண்டியது கூப்பிடு, எடு, வை, மைக்கை அடை. எஸ்டிபி (அழைப்பின் ஒலி, வீடியோ விவரங்களை இரு முனையும் பரிமாறிக்கொள்ளும் குறிப்பு) அவர் கண்ணில் படவே கூடாது.

அடுத்தது த்ரெட், அதாவது ஒரே செயலிக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டம். உள்ளே சிக்னலிங், வொர்க்கர், நெட்வொர்க் என்று மூன்று ஓடுகின்றன. இணைப்பின் நிலை மாறினால் வரும் கால்பேக் (ஏதாவது நடந்ததும் வெப்ஆர்டிசி நம் நிரலை அழைப்பது), சிக்னலிங் த்ரெட்டில் வருகிறது. இணைப்பு முறிந்த கால்பேக்குக்குள்ளேயே இணைப்பையே அழித்துவிடும் டிஸ்போஸை நான் அழைத்தேன். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான். செயலி சில நேரம் உறைந்தது, சில நேரம் க்ராஷ் ஆனது. கால்பேக்கில் சேதியை மட்டும் வாங்கி உங்கள் சொந்த த்ரெட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மற்றதெல்லாம் அங்கே நடக்கட்டும்.

ஜாவாவின் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிப்பது) சி பிளஸ் பிளஸ் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். வீடியோ ஃபிரேமைக் கால்பேக்குக்குப் பிறகும் வைத்துக்கொள்வதானால் ரீட்டெய்ன் செய்யுங்கள் (பிடித்துவையுங்கள்), முடிந்ததும் ரிலீஸ் செய்யுங்கள் (விட்டுவிடுங்கள்). ரிலீஸை ஒருமுறை மறந்தேன். கேமரா டெக்ஸ்சர் (ஃபிரேமின் படம் இருக்கும் நினைவகம்) விடுபடாததால் அடுத்த ஃபிரேம் வரவே இல்லை. பிழைச்செய்தி ஒன்றும் கிடையாது, என் முகம் மட்டும் வாயைப் பிளந்தபடி திரையில் நின்றது.

ஜேஎன்ஐ (ஜாவாவையும் சி பிளஸ் பிளஸையும் இணைக்கும் பாலம்) நீங்களே எழுதினால் ஒன்று: சி பிளஸ் பிளஸில் தொடங்கிய த்ரெட்டிலிருந்து தேடினால் உங்கள் செயலியின் வகுப்பு கிடைக்காது. லைப்ரரி ஏறும்போதே அதைத் தேடி, எந்த த்ரெட்டிலிருந்தும் பயன்படுத்தக்கூடிய குளோபல் ரெஃபரன்ஸாக வைத்துவிடுங்கள்.

சரி, அந்த ரோட்டுக்கு வருவோம். இரு போனுக்கும் இடையே வழி தேடிக்கொடுப்பது ஐஸ் என்ற முறை. வைஃபை போனதும் ஐஸ் நிலை 'டிஸ்கனெக்டட்' ஆகும். அதைப் பார்த்ததும் 'அழைப்பு முடிந்தது' என்று காட்டினேன். அது பல நேரம் தானாகவே மீண்டுவிடும். 'ஃபெயில்ட்' என்பது வேறு. முதலாவதற்கு 'மீண்டும் இணைகிறது' என்று காட்டிக் காத்திருங்கள், இரண்டாவதற்கு ஐஸ் ரீஸ்டார்ட் செய்யுங்கள் (வழியை மறுபடி தேடவையுங்கள்). போனும் கையுமாக நான் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்து பக்கத்து வீட்டுத் தாத்தா, "என்னய்யா, வீட்டுல சண்டையா?" என்றார்.

எதிர்முனையின் ஐஸ் கேண்டிடேட் (அதை எட்டக்கூடிய ஒரு முகவரி) சில நேரம் அதன் எஸ்டிபிக்கு முன்பே வந்துசேரும். உடனே சேர்க்கப் பார்த்தால் தோற்கும். வரிசையில் வைத்திருந்து, ரிமோட் டிஸ்கிரிப்ஷன் (எதிர்முனையின் எஸ்டிபி) ஏறிய பிறகு சேருங்கள்.

அப்புறம், இரண்டு போனையும் ஒரே வைஃபையில் வைத்துச் சோதித்து 'வேலை செய்கிறது' என்று சொல்லாதீர்கள். அங்கே டேர்ன் சர்வருக்கு (நேர்வழி கிடைக்காதபோது இடையில் நின்று தரவைக் கடத்துவது) வேலையே வராது. ஐஸ் கொள்கையை 'ரிலே' (டேர்ன் வழியாக மட்டும்) என்று மாற்றி ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். சர்வர் கடவுச்சொல்லை நான் தப்பாகக் கொடுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.